முகத்துவாரத்தில் இரட்டைக்கை ராட்: சிங்கிங் டிப் மாட்டினால் லைன் கிளம்ப மாட்டேன் என்கிறது

நீலாங்கரை_தூண்டில்:

எல்லோருக்கும் வணக்கம். முட்டுக்காடு முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு ஃப்ளை (கொக்கியில் இறகு, நூல் கட்டிச் செய்யும் இரை) போட்டுக்கொண்டிருக்கிறேன். வடகரையில் கற்கள் கிடக்கும் இடத்தில்தான் நிற்பேன். பின்னால் கல்லும் முள்செடியும். ஒற்றைக்கை ராடில் பின்பக்கம் லைனை நீட்டவே வழியில்லை. அதற்காகத்தான் 11 அடி, 7-ஆம் எண் இரட்டைக்கை ராட் வாங்கினேன். ரீலில் 23 அடி ஸ்காஜிட் ஹெட் (லைனின் கனமான முன்பகுதி), எடை 425 கிரெய்ன்.

அதன் முனையில் மிதக்கும் டிப் (தனியாக மாட்டும் லைன் துண்டு) மாட்டினால் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. ஆனால் மீன் அடியில் கிடக்கிற நேரத்தில் மிதக்கும் டிப்பால் பிரயோஜனம் இல்லை. அதனால் 15 அடி டி-14 சிங்கிங் டிப், அதாவது மூழ்கும் டிப், ஒன்று வாங்கி மாட்டினேன். அதோடு சிக்கல் ஆரம்பம். முன்னால் வீசும்போது ராட் அடிவரை வளைகிறது, டிப் தண்ணீருக்குள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. இன்னும் பலமாக இழுத்தால் திடீரென்று விடுபட்டு, ஃப்ளை காது பக்கமாகப் பறக்கிறது. லைன் எதிரே குவியலாக விழுகிறது. மேல்கை தோளில் வலி வேறு.

மார்ச் கடைசியில் நண்பர்களோடு உத்தராகண்ட் போகிறேன். நேபாள எல்லையில் ஓடும் மகாகாளி ஆற்றில், பஞ்சேஷ்வர் பக்கம், மகசீர் மீனுக்கு. அங்கே ஆழமான ஓட்டத்தில் சிங்கிங் டிப் இல்லாமல் முடியாது என்கிறார்கள். அதற்குள் இதைக் கைக்குக் கொண்டுவர வேண்டும். இன்னும் கனமான ஹெட் வாங்க வேண்டுமா, இல்லை வீசும் முறையிலேயே கோளாறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கானத்தூர்க்காரன்:

முதலில் ஒரு விஷயம். ஃப்ளை காது பக்கம் பறக்கிறது என்றால் கண்ணாடி, தொப்பி இல்லாமல் இனி வீச வேண்டாம். கொக்கியின் முள்ளையும் இடுக்கியால் நசுக்கிவிடுங்கள்.

அப்புறம், என்ன ஃப்ளை கட்டுகிறீர்கள்? தலையில் ஈயக்கண் வைத்த பெரிய ஃப்ளையா? டிப்பும் கனம், ஃப்ளையும் கனம் என்றால் அது தண்ணீரைவிட்டு வராது. ஆழத்துக்குக் கொண்டுபோகிற வேலையை டிப்பிடம் விட்டுவிட்டு, ஃப்ளையை லேசாக வைத்துப் பாருங்கள். நான் இரட்டைக்கை ராட் பிடித்ததில்லை. இது ஒற்றைக்கையில் கண்ட அனுபவம். வாடைக்காத்து அக்கா வந்தால் முறையாகச் சொல்வார்கள்.

வாடைக்காத்து:

தம்பி, உங்களுக்குப் பலம் போதவில்லை என்பதெல்லாம் இல்லை. கனமான ஹெட்டும் இப்போது வாங்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள்.

டி-14 என்றால் அடிக்கு 14 கிரெய்ன். 15 அடிக்கு 210 கிரெய்ன். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 15.4 கிரெய்ன், ஆக உங்கள் டிப் மட்டுமே 13 கிராமுக்கு மேல். அதைத் தூக்க வேண்டிய ஹெட் 27 கிராம் சொச்சம். தன் எடையில் பாதியை மூக்கில் கட்டிக்கொண்டு அது எப்படிப் புரளும்? நீளமும் ஒத்துவரவில்லை. ஸ்காஜிட் முறையில் ஹெட்டும் டிப்பும் சேர்ந்து ராட் நீளத்தைப்போல மூன்று மடங்கு அளவில் இருந்தால்தான் கைக்கு அடங்கும். உங்களிடம் இருப்பது 38 அடி. 10 அடி டிப் மாட்டினால் சரியாக 33 வந்துவிடும்.

இன்னொன்று, முட்டுக்காட்டுக்கு டி-14 எதற்கு? அது நொடிக்கு எட்டு ஒன்பது அங்குலம் இறங்கும். ஐந்தடித் தண்ணீரில் ஏழெட்டு நொடிக்குள் தரையைத் தொட்டுவிடும். அங்கே அடியில் சேறும், கல்லில் ஒட்டிய ஆளியும்தான். ஃப்ளையும் போகும், டிப்பின் பூச்சும் கீறும். 10 அடி டி-8 எடுங்கள். 80 கிரெய்ன், ஐந்து கிராம் சொச்சம். உங்கள் ஹெட் அதை அலட்டாமல் கொண்டுபோகும்.

இனி வீசும் விஷயம். நான் வேலைக்காக வாஷிங்டன் மாநிலத்தில் பல வருஷம் இருந்தவள். இந்த முறைக்குப் பெயர் கொடுத்த ஸ்காஜிட் ஆறு அந்த மாநிலத்தில்தான் ஓடுகிறது. குளிர்காலத்தில் ஸ்டீல்ஹெட் மீன் அடியோட்டத்தில் கிடக்கும். கரை வரைக்கும் மரம் நிற்கும், பின்னால் வீச இடம் இருக்காது. ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் பிறந்த நீண்ட மிதவை லைன் வீச்சு அங்கே கனமான டிப்புக்கும் பெரிய ஃப்ளைக்கும் சரிப்படவில்லை. அதனால் ஹெட்டைக் குட்டையாக்கி, எடையை அதில் திரட்டி, டிப்பை ஒரு கணம் தண்ணீரில் கிடத்தி, அந்தப் பிடிப்பை வைத்தே ராடை வளைக்கிற பாணி வந்தது. அந்தப் பிடிப்பைத்தான் ஆங்கர் என்கிறோம். மிதக்கும் டிப் நீங்கள் நிதானித்தாலும் மேலேயே கிடக்கும். சிங்கிங் டிப் அப்படிக் கிடக்காது, நீங்கள் யோசிக்கிற ஒவ்வொரு நொடியும் அது கீழே போய்க்கொண்டே இருக்கும்.

ஆகவே வீச்சு தொடங்குவதே டிப்பை மேலே கொண்டுவருவதில்தான். லைனைச் சுருட்டி இழுங்கள். ஹெட்டின் பின்முனை ராட் நுனியைத் தாண்டி இரண்டடி வெளியே நிற்கும்வரை இழுத்தால் போதும். ராட் நுனியைத் தண்ணீருக்கு அருகில் வைத்து, தளர்ச்சி இல்லாமல், நிதானமாக மேலே தூக்குங்கள். ராட் தோளுக்குப் பின்னால் சாய்ந்து, லைன் பக்கத்தில் தொங்கியதும் ஒரு ரோல் காஸ்ட் போடுங்கள், அதாவது லைனைப் பின்னால் பறக்கவிடாமல் முன்னால் உருட்டி விரியுங்கள். தூரம் போக வேண்டியதில்லை, நேராக விரிந்தால் போதும்.

இப்போது லைனைப் பாருங்கள். ஹெட்டின் வெளிர்நிறம் முடிகிற இடத்திலிருந்து டிப்பின் கரும்பழுப்பு தண்ணீர்மேல் கோடு போட்டாற்போல நேராகக் கிடக்க வேண்டும். கடைசியில் ஃப்ளை புரண்டு "சளப்" என்று விழ வேண்டும். அது விழுகிற அந்தக் கணமே அடுத்த அசைவைத் தொடங்கிவிட வேண்டும். கரும்பழுப்புக் கோடு நடுவில் மறைந்து, ஃப்ளை எங்கே என்று தெரியாவிட்டால் டிப் இன்னும் உள்ளே இருக்கிறது. வீசாதீர்கள். இன்னொரு ரோல் காஸ்ட் போடுங்கள். வெயிட்டான டிப்புக்கு இரண்டு போடுவது சகஜம், அதில் குறைச்சல் எதுவும் இல்லை. உங்கள் தோள்வலியில் பாதி இங்கேயே போய்விடும் என்று நம்புகிறேன், ஏனென்றால் நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் மூழ்கிக்கிடக்கிற டிப்பைத்தான் முன்னால் இழுக்கிறீர்கள்.

அடுத்தது ஆங்கர் விழும் இடம். உங்கள் பக்கவாட்டில், தோளுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ராட் நீளம் தள்ளி ஃப்ளை விழ வேண்டும். தோளுக்குப் பின்னால் விழுந்தால் அது கிளம்பும்போது உங்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். காதோரம் பறப்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆங்கர் விழுந்ததும் ராடை நிறுத்தவே கூடாது. நுனியைத் தாழ்வாக வைத்து, தண்ணீர்மேல் கிடக்கிற லைனை ஓரத்திலிருந்து உரித்துக்கொண்டே பக்கவாட்டில் சுற்றிப் பின்னால் கொண்டுபோங்கள். தொடக்கத்தில் மெதுவாக, போகப்போகச் சீராக வேகம் ஏற வேண்டும். பின்னால் போனதும் மேலே ஏறி, நிற்காமல் அப்படியே முன்வீச்சுக்குள் வர வேண்டும். இந்த இடத்தில் கண்ணைவிடக் காதை நம்பலாம். லைன் தண்ணீரை விட்டு உரியும்போது "சர்ர்ர்" என்று ஒரே இழையாகச் சத்தம் வரும். சத்தம் நடுவில் அறுந்தால் அங்கே இழுவை விட்டுப்போயிருக்கிறது, டிப் மறுபடி முங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். சேற்றில் மாட்டிய காலை வெடுக்கென்று இழுத்தால் செருப்பு அறுந்துவரும், சாய்த்து மெல்ல இழுத்தால் செருப்போடு கால் வரும். டிப்பும் அப்படித்தான்.

முன்வீச்சு கீழ்க்கையின் வேலை. ராடின் அடிக்கட்டையைப் பிடித்த கையை விலாவை நோக்கி இழுங்கள். மேல்கை வெறும் தாங்கல். நீங்கள் மேல்கையால் தள்ளுகிறீர்கள், அதனால்தான் தோள் வலிக்கிறது. ராடை உயரத்தில் சட்டென்று நிறுத்துங்கள். மிதக்கும் லைனுக்கு நோக்குவதைவிடக் கொஞ்சம் மேலே நோக்கினால் டிப் புரள இடம் கிடைக்கும்.

லீடர், அதாவது டிப்புக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டும் நரம்பு, எவ்வளவு நீளம் என்று நீங்கள் சொல்லவில்லை. மூன்று, நாலடிக்கு மேல் வேண்டாம். ஒன்பதடி லீடர் கட்டினால் டிப் கீழேயும் ஃப்ளை மேலேயும் மிதந்துகொண்டிருக்கும், இவ்வளவு பாடும் வீண். கொடுவாவின் வாய் சொரசொரப்பானது, செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி. அதனால் 40 பவுண்ட் தாங்கும் நரம்பாகக் கட்டுங்கள்.

நீலாங்கரை_தூண்டில்:

அக்கா, ரொம்ப நன்றி. லீடர் எட்டடி வைத்திருந்தேன். டி-8 சொல்லியிருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையில் டி-14 டிப்பை மாட்டி, ரோல் காஸ்ட் இரண்டு போட்டு முயன்று பார்த்தேன். முன்பு ஒட்டிக்கொண்டது மாதிரி ஒட்டவில்லை, ஆனால் புரண்டு விழாமல் நடுவிலேயே சரிந்துவிடுகிறது. நீங்கள் சொன்ன எடைக் கணக்கு கண்ணுக்கு முன்னாலேயே தெரிகிறது.

இரண்டு கேள்வி. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிட்டால் லைன் மேலே வந்து விழுகிறது. எந்த வீச்சு போடுவது? அப்புறம், மகாகாளிக்கு என்ன டிப் எடுத்துப் போகலாம்?

வாடைக்காத்து:

காற்றுக்கு ஒரே விதி. ஆங்கர் எப்போதும் காற்று போகிற பக்கம் விழ வேண்டும். அப்போதுதான் காற்று லைனை உங்களைவிட்டு விலக்கித் தள்ளும்.

நீங்கள் நிற்கும் இடத்தை வைத்தே பார்ப்போம். வடகரையில் நின்று தெற்கே பார்க்கிறீர்கள். இடதுகைப் பக்கம் கடல். மத்தியானக் கடல்காற்று இடமிருந்து வலமாக வரும். ஆக ஆங்கர் வலப்பக்கம், வலதுகை மேலே. இதில் ஓதம் (கடல்நீர் ஏறி வத்தும் ஓட்டம்) எந்தப் பக்கம் போனாலும் மாற்றம் இல்லை. மாறுவது வீச்சின் பெயர் மட்டும். தண்ணீர் வத்தும்போது ஓட்டம் கடலை நோக்கி, அதாவது இடப்பக்கம் போகும். உங்கள் லைனும் இடப்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். அதை ஓட்டத்துக்கு எதிராக வலப்பக்கம் கொண்டுவர வேண்டும். அதற்கு ஸ்னாப்-டி. ராடை உயர்த்தி மேலோட்டப் பக்கம் (ஓட்டம் வருகிற பக்கம்) கொண்டுபோய், சட்டென்று கீழே வெட்டினால் ஃப்ளை பறந்து வலப்பக்கம் வந்து விழும்.

தண்ணீர் ஏறும்போது லைன் ஏற்கெனவே வலப்பக்கம்தான் தொங்கும். அப்போது டபுள் ஸ்பே. ராட் நுனியை இடப்பக்கம் கொண்டுபோய் லைனை முன்னால் கிடத்தி, டிப்பும் ஃப்ளையும் வலப்பக்கமே இருக்கும்படி விட்டு, திரும்ப வலப்பக்கம் உரித்து வீச வேண்டும். சிங்கிங் டிப்புக்கு எனக்கு இதுதான் பிடித்தமானது. அசைவுகள் அடக்கமாக இருக்கும், ஃப்ளை முகத்துப் பக்கமே வராது.

விடியற்காலையில் கரைக்காற்று மேற்கிலிருந்து வந்தால் எல்லாம் இடம் மாறும். ஆங்கர் இடப்பக்கம், இடதுகை மேலே. இடதுகை பழக்கத்தை இப்போதே தொடங்கிவிடுங்கள். மலை ஆற்றில் காற்று பள்ளத்தாக்கு வழியாகத்தான் வரும், எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஒரு கோரிக்கை. பயிற்சியைப் புல்தரையில் செய்யாதீர்கள். சின்ன மைதானம் கிடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒற்றைக்கை வீச்சுக்கு அது சரி. இதற்குத் தண்ணீரின் பிடிப்பு வேண்டும். புல்லில் ஆங்கர் வழுக்கும், கை தவறான வேகத்தைப் பழகிக்கொள்ளும். படகுக் குழாமுக்கு அப்பால் ஆள் இல்லாத ஓரமாக, முழங்கால் ஆழத்தில் நின்று, கொக்கிக்குப் பதில் ஒரு கொத்து கம்பளி நூல் கட்டிப் பழகுங்கள். முழங்காலுக்கு மேல் ஆழம் போனால் ராட் நுனியைத் தூக்கும் உயரம் அவ்வளவுக்குக் குறையும், டிப் வெளியே வரச் சிரமப்படும். ஆற்றிலும் இதையே ஞாபகம் வையுங்கள். தூரம் கிடைக்கும் என்று இடுப்பளவு தண்ணீரில் இறங்குபவர்கள் கடைசியில் கிட்டத்தான் போடுகிறார்கள்.

மகாகாளிக்கு வருவோம். பனி உருகி வரும் ஆறு அது. பஞ்சேஷ்வரில் சரயு வந்து சேர்கிறது, அது மழைநீர் ஆறு, தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பு. இரண்டும் கலக்கும் கோட்டில் மகசீர் நிற்கும். அங்கே ஆழம் இடத்துக்கு இடம் மாறும். அதனால் ஒரே நீளமுள்ள, ஆனால் வேறு வேறு ஆழம் இறங்கும் டிப்புகள் எடுத்துப்போவது நல்லது. மொத்தம் 10 அடி, அதில் முன்பாதி மட்டும் மூழ்குவது ஒன்று, முழுவதும் மூழ்குவது ஒன்று. நீளம் மாறாததால் வீசும் முறை மாறாது, கை குழம்பாது. உங்கள் 425 ஹெட்டுக்கு டி-11 வரை போகலாம், 10 அடிக்கு 110 கிரெய்ன். அதற்கு மேல் வேண்டும் என்றால் 8-ஆம் எண் ராடும் 500-க்கு மேல் கிரெய்ன் ஹெட்டும் வேண்டும். இந்தப் பயணத்துக்கு அது தேவைப்படாது.

ஆழத்தை டிப்பின் எடையால் மட்டும் வாங்க முடியாது. வீசும் கோணம் அதைவிட முக்கியம். ஓட்டத்துக்குக் கீழ்நோக்கிச் சாய்த்து வீசினால் லைன் உடனே இறுகி, டிப் மேலேயே சுற்றி வந்துவிடும். எதிர்க்கரையை நோக்கிக் குறுக்காக வீசி, விழுந்ததும் ஹெட்டை மேலோட்டப் பக்கம் தூக்கி வைத்து, ஓட்டம் போகிற பக்கம் இரண்டடி நடந்தால் டிப்புக்குத் தளர்ச்சி கிடைத்து நன்றாக இறங்கும். டி-8 வைத்துக்கொண்டு இதைச் செய்பவர், டி-14 மாட்டிச் சாய்த்து வீசுபவரைவிட ஆழத்தில் மீன் பிடிப்பார். நான் பார்த்திருக்கிறேன்.

ஓஎம்ஆர்_ஃப்ளை:

அக்கா சொன்னதோடு ஒரு சென்னை விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்காஜிட் ஹெட்டுகளும், ஹெட்டுக்குப் பின்னால் வரும் மெல்லிய ரன்னிங் லைனும் பெரும்பாலும் குளிர்ந்த ஆறுகளுக்காகச் செய்யப்படுபவை. நம் ஊர் வெயிலில் பூச்சு இளகி லைன் துவண்டுவிடும். ரன்னிங் லைன் வளையங்களில் ஒட்டிக்கொண்டு வழுக்கிப் போகாது. வீச்சு சரியாக இருந்தாலும் தூரம் குறையும், நம் கையில்தான் குறை என்று தோன்றும். மே மாதத்தில் காருக்குள் வைத்துவிட்டு எடுத்தால் தொட்டாலே தெரியும். ஹெட்டுக்குப் பின்னால் பூச்சுள்ள ரன்னிங் லைனை எடுத்துவிட்டு, 40 பவுண்ட் நைலான் ரன்னிங் லைன் மாட்டினேன். முதலில் இரண்டு கையாலும் நன்றாக இழுத்து நீட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுருள் சுருளாக நிற்கும். வித்தியாசம் பெரிது.

உப்புத்தண்ணீர் வேறு. வீட்டுக்கு வந்ததும் ஹெட், டிப் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்துவிடுங்கள். டிப்பும் ஹெட்டும் சேரும் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள், கல்லில் உரசி முதலில் பிய்வது அதுதான்.

நீலாங்கரை_தூண்டில்:

டி-8 வந்துவிட்டது. லீடரை மூன்றரை அடியாக்கினேன், ரன்னிங் லைனையும் மாற்றினேன். தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்து டபுள் ஸ்பே மட்டும் பழகினேன். ஒரு ரோல் காஸ்ட், "சளப்" கேட்டதும் கிளம்புவது, அவ்வளவுதான். லைன் விரிந்து போய் விழுகிறது. தோள் வலிக்கவில்லை. முன்பு பலமாக வீசியபோது போனதைவிடத் தூரமும் அதிகம். ஸ்னாப்-டி இன்னும் தடுமாறுகிறது, ஃப்ளை சில நேரம் மிகக் கிட்டவும் சில நேரம் மிகத் தூரவும் விழுகிறது.

ஒரு கொடுவாவும் மாட்டியது, முழங்கை நீளம். விட்டுவிட்டேன். பெரியது மாட்டினாலும் விடத்தான் வேண்டும் என்று இங்கே முன்பு யாரோ எழுதியிருந்தார்கள். அது ஏன்?

வாடைக்காத்து:

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஸ்னாப்-டியில் ஃப்ளை விழும் இடம் நீங்கள் ராடை எவ்வளவு உயரத்திலிருந்து வெட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு முறையும் நுனி கண் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் வெட்டுங்கள். மிகக் கிட்ட விழுந்தால் வெட்டு பலமாகிவிட்டது, மிகத் தூர விழுந்தால் போதவில்லை. வெட்டு வேகம்தான் வேண்டும், பலம் வேண்டாம். மிகக் கிட்ட விழுந்ததை ஒருபோதும் முன்னால் வீசாதீர்கள், ரோல் காஸ்ட் போட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

கொடுவா ஆணாகவே முதிர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். ஆக, பெரிய கொடுவா என்றால் அநேகமாக முட்டையிடும் தாய். நம் முகத்துவாரத்தில் அப்படிப்பட்டவை எத்தனை மிஞ்சியிருக்கும்? விடும்போது செவுளைப் பிடிக்காமல், தண்ணீருக்குள்ளேயே வயிற்றைத் தாங்கி, ஓட்டத்தைப் பார்த்து வாய் இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். அதுவாக உதறிக்கொண்டு போகும்வரை கையை எடுக்க வேண்டாம்.